அண்ணனும் அரை கிராம் ஈயமும்

என் அண்ணன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர். இதைச் சொன்னால் சிலர் உடனே குனிந்து என் செருப்பைப் பார்ப்பார்கள். பணக்கார வீட்டுப் பெண் ஏன் இந்தச் செருப்பைப் போட்டிருக்கிறாள் என்று அவர்களுக்குக் குழப்பம். மற்றவர்கள், அது சரி, வேலை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அண்ணி ஒரு பதில் வைத்திருந்தார்.

"மட்டை மாத்துறாரு."

அண்ணி ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கோல்ஃபில் பந்தைத் தூரத்துக்கு அடிக்கப் பல மட்டைகள் உண்டு. குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு, ஒட்ட வெட்டிய புல்லில் பந்தை மெல்ல உருட்டிவிட ஒரே ஒரு மட்டைதான். அதற்குப் புட்டர் என்று பெயர், அந்த உருட்டலுக்குப் புட் என்று பெயர். அந்த ஒரே ஒரு மட்டை அண்ணனிடம் இருபத்துமூன்று இருந்தது. எல்லாவற்றையும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்ததால் கதவு பாதிதான் திறக்கும். அண்ணி அந்த அறைக்குள் பக்கவாட்டில் நுழையப் பழகிவிட்டார். விருந்தாளி யாராவது தெரியாமல் கதவைத் தள்ளினால் உள்ளே பாத்திரக்கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். "ஒண்ணுமில்ல, அவரோட தன்னம்பிக்கை விழுந்துருச்சு" என்பார் அண்ணி.

எங்கள் அப்பா கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில் அண்ணனுக்கு மைதானத்துக்குள் நுழைய வழி கிடைத்தது. இருபத்தொரு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். இப்போது முப்பத்தெட்டு. இந்தப் பதினேழு வருடத்தில் ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை இரண்டாவதாக வந்தார். கடைசிக் குழியில் ஒரு சின்னப் புட் தவறியதால் வந்த இரண்டாம் இடம் அது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நேரில் பார்த்தேன். மூன்றடி தூரம். அடுத்த வருடம் அண்ணன் அந்தக் கதையைச் சொன்னபோது நாலடி ஆகியிருந்தது. பிறகு அதில் ஒரு சரிவு வந்து சேர்ந்தது. இப்போது ஏழடி, சரிவு, எதிர்க்காற்று. இன்னும் கொஞ்ச வருடம் போனால் நடுவில் ஓர் ஆறும் ஓடும்.

தப்பு அவர் கையில் இல்லையாம். அந்த நேரம் பார்த்து மட்டை அவரைக் கைவிட்டுவிட்டதாம். அன்று ஆரம்பித்தது இந்தத் தேடல். தலை தட்டையாக இருப்பது, தலை இஸ்திரிப் பெட்டி போல இருப்பது, நடுவில் ஓட்டை உள்ளது, பிடி விரல் கனத்தில் இருப்பது, பிடி பூரிக்கட்டை கனத்தில் இருப்பது என்று ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்ந்தது. எல்லாப் பெட்டியிலும் நம்பிக்கை என்று அச்சடித்திருக்கும். அந்த நம்பிக்கையைத் தலையில் வைப்பதா, தண்டில் வைப்பதா, பிடியில் வைப்பதா என்பதில்தான் கம்பெனிகளுக்குள் சண்டை. ஒவ்வொன்றும் வந்த முதல் வாரம் அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி இருப்பார். மூன்றாவது வாரம் அது கதவுக்குப் பின்னால் போய்விடும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அண்ணன்தான் மைதானத்தின் பின்கட்டில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். மட்டை பழுது பார்க்கும் அறை. ஜன்னலோரம் ஒரு பெஞ்சு, மட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப்பிடி, சின்னத் தராசு ஒன்று. தேய்ந்துபோன ரப்பர் பிடியைக் கத்தியால் கீறி உரித்து, தண்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, மண்ணெண்ணெய் மாதிரி வாடையடிக்கும் திரவத்தை ஊற்றி, அது காய்வதற்குள் புதுப் பிடியை ஒரே இழுப்பில் ஏற்ற வேண்டும். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வருகிறவர்கள் மட்டையை நீட்டுவார்கள், நான் தலையாட்டுவேன்.

அண்ணன் திங்கட்கிழமை தோறும் வருவார். போட்டி ஞாயிற்றுக்கிழமை முடியும், குற்றவாளி திங்கட்கிழமை என் பெஞ்சில் கிடக்கும். புட்டரின் தலைக்கு அடியில் மெல்லிய ஈயப் பட்டையை ஒட்டி எடையைக் கூட்டலாம், உரித்துக் குறைக்கலாம். இரண்டு கிராம் கூட்டு என்பார். அடுத்த வாரம் ஒரு கிராம் குறை. அதற்கடுத்த வாரம் அரை கிராம் கூட்டு. அரை கிராம் வித்தியாசம் தன் விரலுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாது என்பதற்காக என்னைப் பாவமாகப் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரு குட்டி நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்துக்கொள்வார். டாக்டர்கூட நோயாளியை அப்படிக் கவனிக்க மாட்டார்.

இந்த வருடம் ஆரம்பத்தில் அவர் வாங்கியது இருபத்துமூன்றாவது. அதோடு அண்ணி சட்டம் போட்டுவிட்டார். அப்போதுதான் அண்ணி அண்ணனுக்கு மட்டைப் பை தூக்க வந்திருந்தார். முன்பு தூக்கிய மூன்று பேரும், தவறின புட்டுக்கெல்லாம் அவர்கள் நிழல்தான் காரணம் என்ற புகாரைக் கேட்டுக் கேட்டு ஓடிப்போயிருந்தார்கள். அண்ணி கூரியர் கம்பெனியில் பார்சல் பிரித்தவர். தோளில் வலு உண்டு, எதையும் எண்ணி வைக்கும் பழக்கமும் உண்டு. அந்த வேலையை விட்டுவிட்டு வந்தபோது ஒரே நிபந்தனை சொன்னார்.

"இந்த வருஷம் முழுக்க இந்த ஒரு மட்டைதான். இருபத்துநாலாவது வந்தா நான் பையைக் கீழ வெச்சிட்டு நடந்துருவேன். கதவுக்குப் பின்னாடி இருக்கிறதுல ஒண்ணு பைக்குள்ள வந்தாலும் அதேதான்."

அண்ணன் ஒத்துக்கொண்டார். மட்டையை மாற்றக் கூடாது என்றுதானே சொன்னாள், ஈயத்தை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லையே என்று என்னிடம் வந்து கண்ணடித்தார்.

ஒரு திங்கட்கிழமை பெஞ்சில் வேலை குவிந்து கிடந்தது. அந்தப் புது மட்டையில் முதல் தடவையாக இரண்டு கிராம் கூட்டச் சொல்லி அண்ணன் வைத்துப்போனதை மூலையில் சாத்தியவள் அடியோடு மறந்துவிட்டேன். புதன்கிழமை அவர் வந்து நின்றதும்தான் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எடுத்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன், உனக்குக் கை ராசி என்றார். அவ்வளவு சந்தோஷமாக நிற்கும் மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? தலையாட்டினேன்.

அந்த வாரப் போட்டியில் எட்டடி, பத்தடியிலிருந்தெல்லாம் பந்து குழிக்குள் போனது. அடுத்த திங்கள் வந்து ஒரு கிராம் குறைக்கச் சொன்னார். மூலையில் இரண்டு நாள் சாத்தி வைத்தேன். ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அரை கிராம் கூட்டச் சொன்னார். துடைத்துக் கொடுத்தேன். என் வேலையில் இவ்வளவு பாராட்டு வாங்கியது அதற்கு முன்பு கிடையாது. எட்டு மாதம் இப்படியே போயிற்று. மற்ற ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து, உங்கள் அண்ணனுக்குச் செய்வதையே எங்களுக்கும் செய்துகொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் அதையே செய்தேன்.

எங்கள் பிழைப்பெல்லாம் ஒரு கார்டில் இருந்தது. வருடக் கடைசியில் புள்ளிப் பட்டியலில் முதல் அறுபது பேருக்குள் இருந்தால்தான் அடுத்த வருடம் பெரிய போட்டிகளில் ஆட உரிமை. அந்த உரிமையைத்தான் கார்டு என்பார்கள். அது போனால், தகுதிப் போட்டி என்று ஒன்று வைத்து இருபது வயதுப் பையன்களோடு முட்டிமோத விடுவார்கள். இந்த வருடம் தோள்பட்டை வலியில் ஐந்து போட்டிகள் வீணாகியிருந்ததால், புட் நன்றாக விழுந்தும் அண்ணன் அறுபத்துநாலாவது இடத்தில் நின்றார். மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டி. அதில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் கார்டு தப்பும். அந்தப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நான்கு நாள் ஆட்டம். மூன்று நாள் முடிந்தபோது அண்ணன் ஏழாவது இடத்தில் இருந்தார். அண்ணி சிரித்துப் பேசினார். அதுவே எங்களுக்குப் பழக்கமில்லாத காட்சி.

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு கம்பெனிக்காரரை என் அறைக்குக் கூட்டிவந்தார், பையோடு அண்ணியும் பின்னால் வந்தார். அந்தப் புட்டரைச் செய்கிற கம்பெனியின் ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வெளியே அவர் வண்டியில் மட்டைகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியே இருந்தது. அண்ணன் ஆடுவதைப் பார்த்துவிட்டு அந்த மட்டையைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடலாமா என்று யோசித்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று அதைத் தன் இயந்திரத்தில் எடை போட்டும் பார்த்திருக்கிறார்.

"இதுல ஈயமே இல்லையே சார். ஃபேக்டரியில இருந்து வந்தப்ப என்ன எடையோ அதேதான் இருக்கு."

அண்ணன் நோட்டைப் பிரித்தார். எட்டு மாதக் கூட்டல் கழித்தலையெல்லாம் சேர்த்தால் ஏழரை கிராம் கூடியிருக்க வேண்டும். அந்த ஏழரை எங்கே போயிற்று, தேய்ந்து உதிர்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். நான் பட்டறைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பெனிக்காரருக்கு உதவும் மனசு ஜாஸ்தி. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஏழரை கிராமை இப்போதே வண்டியில் வைத்து ஒட்டித் தந்துவிடுகிறேன், நாளைக்கு ஜம்மென்று ஆடலாம் என்றார். அண்ணன் மட்டையை நீட்டினார்.

இந்த இடத்தில் சும்மா இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஆனால் அவர்கள் ஒட்டிவிட்டால் நாளைக்கு அண்ணன் கையில் இருக்கப்போவது அவர் இதுவரை ஆடியே பார்க்காத மட்டை. ஏழரை கிராம் நிஜமான ஈயம். அதோடு அவர் கார்டும் போகும்.

"வேணாம்ணா. அதுல நான் எதுவுமே வெக்கல."

"எதுவுமேன்னா?"

"எட்டு மாசமா. ஒரு தடவை மறந்துட்டேன். நீ நல்லா இருக்குன்னு சொன்ன. அதான் அப்படியே விட்டுட்டேன்."

கம்பெனிக்காரர் தன் ஷூவின் கயிற்றைச் சரிபார்த்தார். அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிவிட்டேன், பார்த்தால் சிரிப்பு. அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. நோட்டை மூடி, ரப்பர் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. முதல் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லான கிரீனுக்குப் பக்கத்தில், கயிற்றை ஒட்டி நின்றேன். அண்ணன் முதல் இரண்டு ஷாட்டையும் அழகாக அடித்துப் பந்தை ஐந்தடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பிறகு அண்ணியிடம் அந்த மட்டையை வாங்கினார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி பிடித்தார். பந்து குழியின் பக்கமே போகாமல் ஓரமாக உருண்டு ஓர் அடி தள்ளி நின்றது. அது குழந்தைகூடத் தட்டிவிடும் தூரம். அண்ணனோ விறுவிறுவென்று பையிடம் வந்து, குடை செருகும் பக்கப் பைக்குள் கைவிட்டார்.

நான் நின்ற இடம் கிட்டத்தில்தான். அவர்கள் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது.

"குடை எதுக்கு? வெயில் கொளுத்துது."

அண்ணன் இழுத்தார். குடைத் துணிக்குள்ளிருந்து இஸ்திரிப் பெட்டித் தலை வெளியே வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்த இருபதாவது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. ஒரு துணைக்கு."

"துணைக்கா? காலையில பதினாலு எண்ணி வெச்சேன். இதோட பதினஞ்சு."

கோல்ஃபில் பைக்குள் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால், அப்படி ஆடிய குழிக்கு இரண்டு ஷாட் தண்டனையாகக் கூடும்; குறைந்த ஷாட்டில் முடிப்பவர்தான் இந்த ஆட்டத்தில் முன்னால். கோல்ஃபைத் தொடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விதி இது. அண்ணனுக்கு விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம். பந்தின் மேல் பாம்பு ஏறினால் என்ன செய்வது என்பதுகூடத் தெரியும். ஆனால் அந்த மட்டையைப் பைக்குள் வைத்தபோது அவர் கவலைப்பட்டது பெண்டாட்டி கண்ணில் படக் கூடாதே என்று மட்டும்தான். அண்ணிக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டால் விதிக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல. பதினேழு வருடத் தொழில் அனுபவம்.

யாரும் கவனிக்கவில்லை. கூட ஆடியவர் கிரீனின் அந்தக் கோடியில் குந்தி உட்கார்ந்து தன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டையைத் திரும்பக் குடைக்குள் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. அப்படியே தள்ளிவிடுங்கள் என்று தனக்கு வாய்வரை வந்துவிட்டதாக அண்ணி பின்னால் என்னிடம் சொன்னார். சொல்வதற்குள் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார். நடுவரைக் கூப்பிட்டார். என் பையில் பதினைந்து மட்டை இருக்கிறது, இதை இனி எடுக்க மாட்டேன் என்று இருபதாவதைக் காட்டிச் சொன்னார். அண்ணனைக் கிண்டல் செய்ய எனக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கூட ஆடியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு ஷாட்டைக் கூட்டி எழுதினார். அண்ணி தான் முன்பு சொன்னபடி பையைக் கீழே வைத்தார். பிறகு திரும்பத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நடந்து போகிற வேகத்தைப் பார்த்தால், அண்ணன் மேல் வர வேண்டிய கோபமெல்லாம் புல்லின் மேல் விழுகிறது என்று தெரிந்தது.

மிச்சம் பதினேழு குழி. மாற்று மட்டை கிடையாது. ஈயம் என்ற பொய்யும் கிடையாது. எப்போதும் புட் போடுவதற்கு முன்னால் அண்ணன் கிரீனை நாலு பக்கமும் சுற்றுவார், கம்மல் தொலைந்த மாதிரி குனிந்து தேடுவார், தூரத்து மரத்தைப் பார்ப்பார், கண்ணை மூடுவார். அன்று ஒன்றும் இல்லை. நேராகப் போனார், தட்டினார். பந்து விழுந்தது. விழுந்ததற்குச் சந்தோஷப்படாமல், இதற்கு வேறு வேலை இல்லையா என்பது போல் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார். நாலாவது குழியில் இருபதடி. ஒன்பதாவதில் பன்னிரண்டடி. மூன்றாவது குழி தாண்டியதும் பத்துப் பதினைந்து பேர் கூட நடந்துவந்தார்கள். பதினாறாவதில் கூட்டம் நூறைத் தாண்டியது. கம்பெனிக்காரரும் வந்து சேர்ந்தார். விளம்பரம் திரும்ப உயிர்பெற்றுவிட்டது.

பதினெட்டாவது குழியையும் முடித்து, சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வந்தபோது பலகையில் எட்டாவது இடத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் பலகைக்கு எதிரே, சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒருவர் முந்தினார், ஒன்பது. இன்னொருவர் முந்தினார், பத்து. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஜோடியில் ஓர் இருபத்திரண்டு வயதுக்காரர் கடைசிப் புட்டைப் போட்டார். அண்ணன் பெயர் பதினொன்றுக்கு இறங்கியது. ஒரே ஒரு ஷாட் வித்தியாசம்.

அந்த இரண்டு ஷாட் இல்லாமல் இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த இரண்டும் எங்கள் பக்கத்தில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி கார் ஓட்டினார். அண்ணன் முன்சீட்டில். நான் பின்னால், மட்டைப் பையை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு. என்னால்தான் எல்லாம் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நான் சும்மா இருந்திருந்தால் ஏழரை கிராம் கெடுத்திருக்கும். பேசியதால் பதினைந்தாவது மட்டை கெடுத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈயம்தான்.

மூன்றாவது சிக்னலில் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவே எட்டு மாசமா நீ ஒண்ணுமே வெக்கலையா?"

"இல்லண்ணா."

"ஒரு தடவைகூட?"

"தொடச்சுக் குடுத்தேன்."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். வாடகைக்கு வந்த கைகளோ என்னவோ என்று சந்தேகப்படுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அத்தனையும் நானே போட்டதா?"

"போட்டதும் நீங்கதான்" என்றார் அண்ணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடைக்குள்ள ஒளிச்சதும் நீங்கதான்."

அண்ணன் காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம். எட்டு மாதத்துப் புட்டுகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. இத்தனை காலம் மட்டையை நம்பிய மனிதர் இனி தன்னையே நம்பப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. மட்டை என்றால் மூலையில் சாத்தி வைக்கலாம்.

வீட்டுத் தெரு திரும்பும்போது எண்ணிக்கை முடிந்திருந்தது. தகுதிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க என்றைக்குக் கடைசி என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை" என்றார் அண்ணி. "காலையிலயே நான் குடுத்துட்டேன். நீங்க பத்துக்குள்ள வருவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. இருந்தாலும் குடுத்து வெச்சேன்."

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். முதல் தடவையாக, பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.